தனியாக ஒரு நகல் எடுத்து வைக்கவா?

"சார், இதையெல்லாம் தனியாக ஒரு நகல் எடுத்து வைக்கவா?" என்று எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் கேட்டார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதற்கு அம்மா? உங்கள் கணினியில் இருக்கிறது, என் மடிக்கணினியில் இருக்கிறது, சீனியர் கைப்பேசியில் இருக்கிறது. மூன்று இடம் போதாதா?" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு மறுநாள் வாய்தாவுக்கான கட்டுகளை எடுக்கப் போய்விட்டார். அரை நிமிடப் பேச்சு. அதன் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

குறிப்புகளையும் படங்களையும் சேர்த்து வைக்கும் ஒன்நோட் செயலியில் கட்சிக்காரருக்கு ஒரு பிரிவு என்று நாங்கள் பழகியிருந்தோம். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று எது வந்தாலும் படமெடுத்து அதில் சேர்த்துவிட்டு, அசலை வந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். கட்சிக்காரரின் அசல் நம்மிடம் தங்கக் கூடாது என்பதில் சீனியர் கண்டிப்பானவர். அது நல்ல பழக்கம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஒரு பெரியவர் கொண்டு வந்தது ஒரு கூர்ச்சீட்டு, குடும்பத்துக்குள் பாகம் பிரித்து எழுதி, பதிவு செய்யாமல் வைத்துக்கொள்ளும் சீட்டு. நான்காக மடித்து மடித்து, மடிப்பு நான்கும் சந்திக்கும் இடத்தில் ஓட்டை விழுந்த தாள். கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை என்ற வரி அந்த ஓட்டைக்கு நேர் மேலே இருந்தது. கீழே அவருடைய தாயாரின் கைநாட்டு, ஊதா மையில், சற்றுக் கலங்கி. படமெடுக்கும்போது தாள் சுருண்டுகொள்ளாமல் இருக்க அவரே இரண்டு விரலால் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். படத்தில் அந்த விரல்களும் விழுந்திருந்தன.

கோடை விடுமுறையில் முடிந்துபோன வழக்குகளின் பிரிவுகளை நீக்கினோம். பெரியவரின் பெயரிலேயே இன்னொரு கட்சிக்காரர் இருந்தார். அவருடைய வழக்கு முடிந்திருந்தது. நீக்கப்பட்டது பெரியவருடையது. நீக்கியதை 60 நாள் வரை ஒன்நோட் தன் குப்பைத் தொட்டியில் வைத்திருக்கும். பெரியவர் வந்தது கார்த்திகையில். ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, கூர்ச்சீட்டு கூழாகிவிட்டது என்றார். "உங்களிடம்தான் படம் இருக்கிறதே தம்பி" என்று நிம்மதியாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

மூன்று கணக்கையும் திறந்து பார்த்தோம். மூன்றிலும் இல்லை. கணினியில் மென்பொருள் தானாக எடுத்து வைக்கும் நகல்களையும் தேடினேன். பழையவை போய்ப் புதியவை வந்திருந்தன. நான் மூன்று இடம் என்று எண்ணியது ஒரே இடத்தை. ஒரே பொருளை மூன்று சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மூன்று பொருள் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு கருவியில் எழுதினால் எல்லாவற்றிலும் வந்து சேர்வதுதான் ஒத்திசைவு. ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் அழிவதும் அதே ஒத்திசைவுதான். முதல் பாதி தெரிந்த எனக்கு இரண்டாம் பாதி தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

சீனியர் அவரைத்தான் கேட்டார்: "தனியாக நகல் ஏன் எடுத்து வைக்கவில்லை?"

அவர் ஒரு முறை என்னைப் பார்த்தார். நான் மேசையில் இருந்த கட்டின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். "தவறுதான் சார்" என்றார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். சீனியரின் கோபம் மதியத்துக்குள் தணிந்துவிடும், பெரிதாக ஒன்றும் ஆகாது என்று அந்த நேரத்தில் நினைத்தேன். அப்படியே தணியவும் செய்தது. அதனால் நினைத்தது சரி என்று ஆகிவிடுமா என்று தெரியவில்லை. நீக்கியது அந்தப் பெண்ணின் கைதானே என்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் நீக்க வேண்டிய பெயர்களின் பட்டியலை அவரிடம் கொடுத்தது நான். அதில் கட்டு எண்ணையும் எழுதினேனா, வெறும் பெயரை மட்டும் எழுதினேனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. தாளும் கிடைக்கவில்லை.

இன்னொரு சமாதானமும் உண்டு. படம் இருந்திருந்தாலும் நீதிமன்றத்தில் அது எவ்வளவு தூரம் நின்றிருக்கும்? 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் வேண்டும். அதில் ஆவணத்தின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீட்டை, குறிக்க வேண்டும், ஒரு நிபுணரும் கையொப்பமிட வேண்டும். எதிர்த்தரப்பு சும்மா விட்டிருக்காது. இதையெல்லாம் வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். ஆனால் பெரியவர் அன்று நீதிமன்றத்தைப் பற்றிப் பேசவே இல்லை. தன் தம்பியிடம் காட்ட வேண்டும் என்றுதான் கேட்டார். "அம்மா கைநாட்டைப் பார்த்தால் அவன் இறங்கி வருவான்" என்றார். பதிவான பத்திரமாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் வாங்கிக் கொடுத்திருப்போம். கூர்ச்சீட்டுக்கு எந்த அலுவலகத்தில் மனுப் போடுவது?

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 என்ற முறை இருக்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு கட்டடத்தில். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பிரிவுகளைப் பி.டி.எஃப். ஆக மாற்றி வெளி வன்தட்டில் ஏற்றுகிறோம். இன்னொரு வன்தட்டு சீனியர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்காகச் சீனியர் என்னைப் பாராட்டினார். அப்போதும் அந்தப் பெண் அறையில்தான் இருந்தார். அப்போதும் நான் சொல்லவில்லை.

போன வாரம் ஒரு பாகப்பிரிவினை வழக்குக்காகப் பழைய கடிதங்கள் ஒரு பை நிறைய வந்தன. படமெடுத்து முடித்ததும், "இவற்றையும் தனியாக ஒரு நகல்..." என்று நான் தொடங்கினேன்.

"எடுத்துவிட்டேன் சார்" என்றார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.