பொழுது சாய்ந்தால் கலையும் வரம்: ஈடித் நெஸ்பிட்டின் கணக்கு

ஆங்கிலக் குழந்தை எழுத்தாளர் ஈடித் நெஸ்பிட் படைத்த மணல்தேவதை வரம் கொடுப்பதில் படு கறார். நாளொன்றுக்கு ஒரு வரம்தான். பொழுது சாய்ந்ததும் அதுவும் கலைந்துவிடும். 1902-இல் ‘ஸ்ட்ராண்ட்’ மாத இதழில் தொடராக வந்து, அதே ஆண்டில் ‘ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்’ என்று நூலான கதை இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. மாத இதழுக்கு இதைவிடப் பொருத்தமான விதி இருக்க முடியாது. வரம் கேட்பது, சிக்குவது, பொழுது சாய்ந்து தப்பிப்பது என்று ஒவ்வொரு கதையும் தானே முடிந்துவிடும். நடுவில் ஒரு இதழைத் தவறவிட்டவருக்கும் அடுத்த மாதம் கதை புரியும்.

நம் பஸ்மாசுரன் கெட்டது அவன் புத்தியால். நெஸ்பிட்டின் குழந்தைகள் கெட்டவர்கள் அல்ல. கேட்கும் சொல்லில்தான் கோட்டை விடுகிறார்கள். அழகாக வேண்டும் என்று கேட்டார்கள், அழகானார்கள். வீட்டுப் பணிப்பெண் மார்த்தாவுக்கு அடையாளம் தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டாள், பட்டினி. மறுநாள் அதைச் சரிசெய்ய, மந்திரம் வேலைக்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறார்கள். அடுத்த வரம் தங்கம். பள்ளம் நிறையப் பொற்காசு கிடைக்கிறது, ஆனால் எல்லாம் பழைய கினி நாணயம். கினி அடிப்பதை இங்கிலாந்து 1814-லேயே நிறுத்திவிட்டது. கடைக்காரர்கள் வாங்கத் தயங்குகிறார்கள், கடைசியில் போலீஸ் வருகிறது. இன்னொரு நாள் வீடே முற்றுகையிடப்பட்ட கோட்டையாகிறது. மார்த்தாவின் கண்ணுக்கு அது பழைய வீடுதான், வழக்கம்போல் சாப்பாடு எடுத்து வைக்கிறாள். அந்தச் சாப்பாடு பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. முன்பு ஓட்டையை அடைக்கக் கேட்ட வரமே இங்கே புது ஓட்டையாகிறது. கதைக்கு நடுவில் வசதிக்காக விதியை வளைக்கும் எழுத்தாளர்கள் நிறையப் பேர், நெஸ்பிட் வளைப்பதில்லை. அவரிடம் நான் கொண்டாடுவது இதைத்தான்.

அதே பிள்ளைகளின் இரண்டாம் நூலாக 1904-இல் வந்த ‘தி ஃபீனிக்ஸ் அண்ட் தி கார்ப்பெட்’டில் பறக்கும் கம்பளத்துக்கு நாளொன்றுக்கு மூன்று விருப்பங்கள். ஆனால் கம்பளம் தேய்கிறது, கிழிகிறது. சாதாரணக் கம்பளி நூலால் ஓட்டையை அடைக்கிறார்கள். அடைத்த இடத்தில் மந்திரம் இல்லை. அதன்மேல் உட்கார்ந்தவர் பாதி போய்ச் சேர்கிறார், பாதி போகவில்லை. கிழிசல் தைத்து வாழ்ந்த வீட்டிலிருந்து மட்டுமே வரக்கூடிய கற்பனை இது.

அவர் வாழ்க்கையும் அப்படித்தான் இருந்தது. 1858-இல் லண்டன் கென்னிங்டனில் பிறந்தார். தந்தை வேளாண் வேதியியலாளர். மகளுக்கு நான்கு வயது நிரம்பும் முன்பே இறந்துவிட்டார். அக்கா மேரிக்குக் காசநோய் வந்ததால் குடும்பம் பிரான்ஸ் முழுக்க ஊர் ஊராக அலைந்தது. 1871-இல் மேரி இறந்தார். பிறகு கென்ட் மாவட்டத்து ஹால்ஸ்டெட் கிராமத்தில், ரயில் பாதைக்கு அருகே சில ஆண்டுகள். 1880-இல் ஹியூபர்ட் பிளாண்டை மணந்தபோது ஏழு மாதக் கர்ப்பிணி. கணவரின் தொழில் நொடித்தது. கவிதை, சிறுகதை, வாழ்த்து அட்டைக்கு ஓவியம் என்று கிடைத்ததையெல்லாம் செய்து குடும்பத்தை நடத்தினார். 1884-இல் ஃபேபியன் சங்கம் என்ற சோஷலிச அமைப்பு தொடங்கியபோது கணவனும் மனைவியும் அதன் நிறுவன உறுப்பினர்கள். ‘ஃபேபியன் பிளாண்ட்’ என்ற புனைபெயரில் இருவரும் சேர்ந்து நாவலும் எழுதினார்கள்.

வீட்டுக்குள் நிலைமை சிக்கலானது. தோழி ஆலிஸ் ஹோட்ஸனுக்கும் ஹியூபர்ட்டுக்கும் பிறந்த ரோஸமண்ட், ஜான் இருவரையும் நெஸ்பிட் தன் பிள்ளைகளாகவே வளர்த்தார். மணல்தேவதைக் கதை சமர்ப்பிக்கப்பட்டிருப்பது அந்த ஜானுக்குத்தான்.

பெயர் வந்தது நாற்பது வயதைத் தாண்டி. 1899-இல் வெளிவந்த ‘தி ஸ்டோரி ஆஃப் தி ட்ரெஷர் சீக்கர்ஸ்’, தாயை இழந்து வறுமையில் விழுந்த பாஸ்டபிள் வீட்டு ஆறு பிள்ளைகள் புதையல் தேடும் கதை. ஆறு பேரில் ஒருவர்தான் சொல்கிறார், யாரென்று கண்டுபிடியுங்கள் என்று தொடக்கத்திலேயே சவால். ஆனால் அவர்களில் ஒருவனான ஆஸ்வால்டைப் பற்றி வரும்போதெல்லாம் புகழ்ச்சி கூடுகிறது. இடையிடையே ‘நான்’ வழுக்கி விழுகிறது. சில பக்கங்களிலேயே சின்ன வாசகரும் பிடித்துவிடுவார். சொல்பவனைவிடப் படிக்கும் குழந்தை ஒரு படி மேலே நிற்கும்படி எழுதுவது மிகக் கடினம். பெரியவர்களின் சோகம் ஆஸ்வால்டுக்குப் புரியாமல் நமக்குப் புரிவது இந்த உத்தியால்தான்.

அதே ஆண்டு எல்தமில், அகழி சூழ்ந்த வெல் ஹால் மாளிகைக்குக் குடிபெயர்ந்தார்கள். அடுத்த ஆண்டு மகன் ஃபேபியன், வீட்டிலேயே நடந்த அறுவைச் சிகிச்சைக்குப் பின் பதினைந்து வயதில் இறந்தான். 1901-இல் வந்த ‘தி வுட்பிகுட்ஸ்’ அவனுக்குச் சமர்ப்பணம். சிரிக்கச் சிரிக்க எழுதிய நூல் அது. முதல் பக்கத்தில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுப் படித்தால் நெஞ்சு அடைக்கிறது.

1906-இன் ‘தி ரெயில்வே சில்ட்ரன்’ நூலில் மந்திரமே கிடையாது. மண்சரிவு பாதையை மறைக்க, சிவப்பு உள்பாவாடைகளைக் கிழித்து ஆறு கொடி செய்து ரயிலை நிறுத்தும் காட்சி எல்லாருக்கும் தெரிந்தது. கதையில் வரும் ரஷ்ய எழுத்தாளருக்குப் பின்னால், நெஸ்பிட்டுக்குப் பழக்கமான ரஷ்ய அகதிகள் இருக்கிறார்கள். அவர்களில் புரட்சியாளர் ஸ்டெப்னியாக் 1895-இல் லண்டனில் ரயில் பாதையைக் கடக்கும்போது அடிபட்டு இறந்தவர். ரயில் நுட்பத்துக்கு மகன் பால்தான் துணை. நூலின் சமர்ப்பணத்திலேயே அதை ஒப்புக்கொள்கிறார்.

பெரியவர்களுக்காக எழுதிய நாவல்கள் பலவற்றில் அவசரம் தெரிகிறது. 1922-இன் ‘தி லார்க்’ மட்டும் இன்றும் சுகமாகப் படிக்க முடிகிறது. அவரோ தன்னைக் கவிஞராகவே கருத விரும்பினார். 1914-இல் ஹியூபர்ட் இறந்த பின் பணமுடை. ஆண்டுக்கு 60 பவுண்டு அரசு ஓய்வூதியம் கிடைத்தும் போதாமல் தோட்டத்துக் காய்கறியும் பூவும் விற்றார். 1917-இல் கப்பல் பொறியாளர் தாமஸ் டக்கரை மணந்து, 1924 மே 4 அன்று கென்ட் கடற்கரையில் இறந்தார். கல்லறையில் டக்கர் செய்த மரச்சட்டம்தான் வைக்கப்பட்டது.

புதிதாகப் படிப்பவர்கள் ‘ட்ரெஷர் சீக்கர்ஸ்’ஸில் தொடங்குங்கள். மணல்தேவதை நூல்கள் மூன்றையும் வரிசை மாற்றாதீர்கள், எச். ஆர். மில்லரின் ஓவியங்கள் உள்ள பதிப்பாக இருக்கட்டும். முதல் நூலின் முடிவில் இனி வரமே கேட்பதில்லை என்று பிள்ளைகள் வாக்குக் கொடுக்கிறார்கள். 1906-இல் வந்த மூன்றாம் நூலான ‘தி ஸ்டோரி ஆஃப் தி அம்யூலெட்’டில் அதே தேவதை லண்டனில் ஒரு பிராணிக் கடையில் அகப்படுகிறது. பழைய வாக்கு இன்னும் நிற்கிறது, அவர்கள் கேட்டால் எதுவும் நடக்காது. அந்நியர் வாய்விட்டு எதையாவது விரும்பினால் மட்டும் பலிக்கும். பாபிலோன் ராணி லண்டனுக்கு வந்து வாயைத் திறக்கும் அத்தியாயம் முழுக்க அந்த ஒரு வாக்கின் விளைவு.