நடைமுறைக்கு வராமலே நீக்கப்பட்ட நீர்ச் சட்டம்

நிலத்தடி நீரை முறைப்படுத்த 2003ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம், ஒரு நாள்கூட நடைமுறைக்கு வராமல் 2013இல் நீக்கப்பட்டது. அதே 2003இல்தான் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு அவசரச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டு, குறுகிய காலத்திற்குள் சென்னையின் பெரும்பாலான வீடுகளில் அதற்கான அமைப்புகள் தோன்றின. மண்ணுக்குள் நீரைச் செலுத்தச் சொல்வதில் இவ்வளவு உறுதி காட்ட முடிந்த அரசால், மண்ணிலிருந்து எடுப்பதற்கு எல்லை வகுக்க முடியவில்லை என்பது என்னை நெடுங்காலமாக வருத்தும் செய்தி.

தன் நிலத்தின் அடியில் உள்ள நீரை எடுக்கும் உரிமை நில உரிமையாளருக்கே என்ற கருத்து 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்திலிருந்து நம்மைத் தொடர்கிறது. ஆனால் நீர் பட்டா எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை. அங்கே நீர், மேலடுக்கில் சிதைந்த பாறையிலும் அதன் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது. ஒருவர் ஆயிரம் அடிக்குப் போர்வெல் இறக்கி அந்த வெடிப்பிலிருந்து இடைவிடாது இறைக்கும்போது, பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றுகிறது. கடன் வாங்கி மேலும் ஆழமாகத் துளையிட வசதியில்லாத சிறு விவசாயி, யார்மீதும் வழக்குத் தொடர வழியின்றி வெள்ளாமையை விடுகிறார். உரிமை என்று நாம் அழைப்பது நடைமுறையில் பணம் உள்ளவரின் உரிமையாகவே முடிகிறது.

அளவீடு இல்லை என்றும் சொல்ல முடியாது. பல மாநிலங்கள் ஊராட்சி ஒன்றிய அளவில் கணக்கிடும்போது, இங்கே வருவாய்க் கிராமங்கள் சில சேர்ந்த குறுவட்டம், அதாவது பிர்கா அளவில் நுணுக்கமாகவே கணக்கிடுகிறார்கள். ஆண்டுதோறும் எடுக்கத்தக்க அளவைக் காட்டிலும் மிகுதியாக எடுக்கும் குறுவட்டம் அதிநுகர்வு வகையில் சேர்க்கப்படுகிறது. 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 1166 குறுவட்டங்களுள் 435 இந்த வகையில் இருந்தன.

இன்று நம்மிடம் எஞ்சியிருப்பவை, சென்னைப் பெருநகரப் பகுதிக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டமும், மாநிலத்தின் பிற பகுதிகளுக்கான 2014ஆம் ஆண்டு அரசாணையும். தண்ணீர் லாரி நடத்துவோரும் கேன் தண்ணீர் நிறுவனங்களும் அந்த அரசாணையை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றபோது, 2018இல் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அது நல்ல தீர்ப்பு. எனினும் ஓர் அரசாணையை இன்னோர் அரசாணையால் எளிதாக மாற்றிவிடலாம்; சட்டமன்றத்தில் விவாதித்து இயற்றப்படும் சட்டத்துக்குரிய வலிமை அதற்கு இல்லை.

எடுக்கப்படும் நிலத்தடி நீரில் மிகப் பெரும்பகுதி பாசனத்துக்கே செல்கிறது என்பதால், விவசாயத்தைத் தொடாத எந்த ஒழுங்குமுறையும் பாதியிலேயே நின்றுவிடும். இதைச் சொன்னதும் இலவச மின்சாரத்தைப் பறிக்கச் சொல்வதாக எண்ண வேண்டாம். அதை நான் கேட்கவில்லை. பஞ்சாப் அரசு 2009இல் இயற்றிய சட்டம் மின்சாரச் சலுகையில் கை வைக்காமல், கோடையின் உச்சத்தில் நெல் நாற்று நடுவதை மட்டும் தடுத்து, நடவை ஜூன் 10க்குத் தள்ளி வைத்தது. அதனால் அங்குள்ள நீர்மட்டச் சரிவு தீர்ந்துவிடவில்லை. ஆனால் பயிரின் காலத்தையும் வகையையும் வைத்து நீரைக் காக்கும் வழி ஒன்று உண்டு என்பதை அது காட்டியது.

புதிய சட்டம் ஒன்று வருமானால், அதில் முதலில் இடம்பெற வேண்டியது அளவீட்டைப் பொதுவில் வைக்கும் கடமை என்பேன். 2022 முதல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22இலும் தமிழ்நாட்டில் கிராம சபை கூட வேண்டும் என்று ஆகியிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் அந்தந்தக் குறுவட்டத்தின் வகையையும், அருகிலுள்ள கண்காணிப்புக் கிணற்றின் நீர்மட்டத்தையும், அவ்வாண்டில் வணிகத்துக்காக அனுமதிக்கப்பட்ட நீரின் அளவையும் அதிகாரி படித்துக் காட்ட வேண்டும்; புதிய வணிக அனுமதி எதுவும் அச்சபையின் ஒப்புதலின்றி வழங்கப்படக் கூடாது.