வரமாட்டேன்னு இல்ல

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பக்கத்து வீட்டு அக்கா மகளின் நிச்சயதார்த்தம். எத்தனை பேருக்குச் சமைப்பது என்று கேட்டரிங்காரர் நெருக்கியதால், கணக்கெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தாளில் ‘வருவார்’, ‘வரமாட்டார்’ என இரண்டே கட்டங்கள் போட்டுக்கொண்டேன்.

ஒரு மாமா, “வராம இருப்பேனா தம்பி?” என்றார். ஓர் அத்தை, “நான் வராம இருக்க மாட்டேன்” என்றார். மூன்றாமவர் சற்று யோசித்து, “வரமாட்டேன்னு இல்ல, பார்ப்போம்” என்றார். இரண்டு எதிர்மறை சேர்ந்தால் ஓர் உடன்பாடு என்று பள்ளியில் படித்த விதியை நம்பி மூவரையும் ‘வருவார்’ கட்டத்தில் எழுதினேன்; அக்கா பேனாவை வாங்கி மூன்றாமவரை அடித்துவிட்டார். அவர் செய்தது சரியே. அத்தை மறுத்தது வராமல் இருப்பதை. இவர் மறுத்ததோ மறுப்பை மட்டும்தான், வருகையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

எதிர்வீட்டு மலாய்க்காரர் “தீடாக் டாபாட் தீடாக்” என்றார். ‘இல்லை’ இரு முறை வந்தாலும் அதற்குக் ‘கட்டாயம்’ என்றே பொருள். மாண்டரினின் ‘பூ தெ பூ’வும் இதே வகைதான். ஆங்கிலத்தில்தான் தகராறு. அமெரிக்கப் பாட்டுகளில் ஊறிய அக்கா மகன், “ஐ டோன்ட் ஈட் நத்திங் ஸ்பைசி” என்றான். இரண்டு எதிர்மறைகள் ஒன்றையொன்று அழிக்கும் என்று 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் லௌத் தம் ஆங்கில இலக்கண நூலில் எழுதிவைத்த விதியின்படி, அவன் ஏதோ ஒரு காரத்தைத் தின்கிறவன். அவனோ மறுப்பை அழுத்திச் சொல்லவே இரண்டு வைத்தான். 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவிஞர் சாசர் அப்படி எழுதியிருக்கிறார் என்பதால், இலக்கணத்தை ஒதுக்கிவிட்டு அவனுக்குத் தயிர்ச்சாதம் சொன்னேன்.

விழா நாளில் அத்தை குடும்பத்தோடு வந்தார். அடிக்கப்பட்டவர் வரவில்லை. ‘வராம இருப்பேனா’ மாமாவையும் காணோம். கைப்பேசியில் அழைத்தபோது, “வரணும்னு நினைக்காம இல்ல தம்பி” என்றார். அதுவும் இலக்கணப்படி உடன்பாடுதானே என்று அக்காவிடம் சொன்னேன்.

“நினைச்சதுக்கெல்லாம் பிரியாணி சொல்ல முடியாதுப்பா” என்றார்.