குடத்தின் பாரம் இடுப்பில்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ முப்பரிமாண அனிமேஷன் பழக வரும் பிள்ளைகளிடம் ஒரு மனிதனை நடக்க வைக்கச் சொன்னால், அநேகமானோர் முகத்தில்தான் கை வைக்கிறார்கள். மூக்கு, கண்ணிமை, தாடி என்று இரண்டு வாரம் ஓடிவிடும். கடைசியில் அந்த அழகன் கால் பாவாமல் மிதப்பான். முகம் பிறகு பார்க்கலாம். பழகுவதற்குத் தலை, உடல், கை, கால் மட்டும் உள்ள மொட்டைப் பொம்மையே நல்லது.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் இலவசம்; பொம்மையை அசைக்கும் எலும்புக்கூட்டைக் கட்டித் தரும் ரிகிஃபையும் அதோடு வருகிறது, செட்டிங்ஸில் இயக்கினால் சரி. எலும்பை உடலோடு பிணைக்க முன்னர் கண்ட்ரோல், ஏ அழுத்தி ஸ்கேலை, அதாவது மாற்றிய அளவை, அப்ளை செய்ய வேண்டும். பிணைக்கும்போது 'போன் ஹீட்' என்று பிழை காட்டினால், பெரும்பாலும் ஒரே இடத்தில் இரண்டு புள்ளிகள் ஒட்டாமல் கிடக்கும். 'மெர்ஜ் பை டிஸ்டன்ஸ்' கொடுத்துப் பாருங்கள். முழங்காலை மயிரிழையளவு முன்னே மடித்து வையுங்கள். நேர்கோடாக விட்டால், பாதத்தை நகர்த்தினால் காலைத் தானாக மடிக்கும் ஐ.கே. எந்தப் பக்கம் என்று தெரியாமல் மாட்டின் பின்னங்கால் மாதிரிப் பின்னுக்கு மடிக்கும்.

நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப்படம், என்றால் இரண்டு எட்டுக்கு (காலடிக்கு) 24 பிரேம் வைத்துத் தொடங்கலாம். 1இல் குதிக்கால் தரையைத் தொடும், 4இல் உடல் இறங்கும், 7இல் கால் காலைக் கடக்கும், 10இல் உடல் எழும்பும், 13இல் மற்றக் குதி. மறுபாதிக்கு அதே நிலைகளைப் புரட்டி ஒட்டலாம். 25ஆம் பிரேம் 1இன் நகல், ஆனால் ஓட்டத்தை 24இலேயே முடியுங்கள். இல்லாவிட்டால் சுற்றுக்கு ஒருதரம் நடை விக்கும். இடுப்பு 4இல் தாழவும் 10இல் உயரவும் வேண்டும். அதை ஒரே மட்டத்தில் விடுவதுதான் மிதப்பதற்குக் காரணம்.

நின்ற இடத்தில் நடக்கும் சுற்றில் ஊன்றிய பாதம் ஒரே வேகத்தில் பின்னே போகவேண்டும். பிளெண்டர் தானாகப் போடும் பெசியர் வளைவு அதை மெதுவாக்கி, விரைவாக்கி, வழுக்க வைக்கும். கிராஃப் எடிட்டரில் அந்தத் துண்டை மட்டும் லீனியராக, அதாவது நேர்கோடாக, மாற்றுங்கள்.

பாரம் பழகக் கிணற்றடியைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. 10 லீற்றர் குடத்தில் தண்ணீர் மட்டும் 10 கிலோ. இடப்பக்கம் சுமந்தால் இடது இடுப்பு வெளியே தள்ளும், மேலுடல் வலப்பக்கம் சாயும், வலக்கை உடம்பைவிட்டு விலகி ஆடும், குடத்தை அணைத்த இடக்கை ஆடவே ஆடாது. எட்டும் குறுகும். குடத்தைக் கையெலும்பில் கட்டாமல் இடுப்பெலும்பில் கட்டுங்கள். கையில் கட்டினால் ஒவ்வொரு எட்டுக்கும் குடம் நடுங்கும். சாரம் கட்டிய ஆள் வரப்பில் நடப்பது அடுத்த பாடம்: பாதங்கள் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழும், துணி அகல எட்டை விடாது.

இவற்றைப் போனில் படம் பிடித்துப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். போன் 30 பிரேமில் எடுத்ததை 24 பிரேம் காட்சியில் அப்படியே பிரேமுக்குப் பிரேம் ஓடவிட்டால் ஒரு நொடி நடை 1.25 நொடியாக இழுபடும். நடை சோம்பலாகத் தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

ரெண்டரை, அதாவது காட்சியைப் படங்களாக்கும் கடைசி வேலையை, நேரே வீடியோவாக எடுக்காதீர்கள். 10 நொடி 240 படம். படத்துக்கு 30 விநாடி என்றால் 2 மணித்தியாலம். இடையில் கரண்ட் போனால் வீடியோக் கோப்பு திறக்காமலே போகலாம். பி.என்.ஜி. படங்களாக எடுத்தால் முடிந்தவை அப்படியே இருக்கும். 'ஓவர்ரைட்' குறியை எடுத்துவிட்டு, கடைசியாகப் பாதியில் நின்ற படத்தை அழித்து, திரும்ப ரெண்டர் கொடுத்தால் மிச்சத்திலிருந்து தொடரும்.