குட்டி லேப்டாப்புக்கு 1 டிபி எஸ்எஸ்டி: எல்லாம் ஒரே ஒரு ஸ்க்ரூவில்

ஒருவழியாக ஸ்க்ரூ கழன்றது. 128 ஜிபியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த குட்டி லேப்டாப்பில் இப்போது 1 டிபி எஸ்எஸ்டி ஓடுகிறது. வேலை முழுசாக முடியவில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன். பின்மூடியைத் திறப்பது, ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவைத் தேடுவது, முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது, இதெல்லாம் இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் பொறுமையைச் சோதித்த இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நீளம். இந்த லேப்டாப்பின் எம்.2 ஸ்லாட்டில் இருப்பது 2242 இடம், அதாவது 42 மில்லிமீட்டர் நீளம். சந்தையில் கொட்டிக் கிடப்பதோ 80 மில்லிமீட்டர் ட்ரைவ்கள். 2242 என்று தேடினால் வருவதில் பாதி சாட்டா என்ற பழைய, மெதுவான இணைப்பு வகை. மீதியில் எது சாட்டா, எது வேகமான புது வகையான என்விஎம்இ என்று விற்பவருக்கே தெரியாது போல. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, தங்கநிறக் கனெக்டரில் எத்தனை வெட்டு இருக்கிறது என்று எண்ண வேண்டியிருக்கிறது. இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா என்று தள்ளிவிடலாம். என் லேப்டாப் என்விஎம்இ மட்டும்தான் ஏற்கும். அதனால் 2242-ஐக் கைவிட்டு 2230 வாங்கினேன். 2022இல் ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவி வந்ததிலிருந்து இந்த 30 மில்லிமீட்டர் ட்ரைவ்களுக்கு நல்ல காலம். அதற்கு முன்பு இவை தனியாகக் கிடைப்பதே அபூர்வம், லேப்டாப்போடு சேர்ந்து வந்தால்தான் உண்டு. மீதி 12 மில்லிமீட்டரை நிரப்ப ஒரு நீட்டிப்புத் தகடு போதும்.

வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்கவில்லை. இந்த ஸ்லாட்டுக்கு வரும் டேட்டா பாதை பிசிஐஇ 3.0, அதிலும் இரண்டு லேன், அதாவது இரண்டு தடம்தான். ஒரு லேனுக்கு நொடிக்கு 985 எம்பி அளவில்தான் போகும். மற்ற செலவுகள் போக, கையில் கிடைப்பது 1700 பக்கம். இதில் 4.0 ட்ரைவைப் போட்டாலும் அது 3.0 வேகத்துக்கு இறங்கி வந்துதான் ஓடும். ட்ரைவைப் பற்றிய விவரம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலைத் திறந்தால் இப்போது எந்த வேகத்தில் ஓடுகிறது, ட்ரைவால் அதிகபட்சம் எது முடியும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். வாங்குவதற்கு முன்பு பழைய ட்ரைவை வைத்தே அதைப் பார்த்துவிடுவது நல்லது.

சரி, ஸ்க்ரூ.

இது நான் பயன்படுத்திய லேப்டாப்பாக வாங்கியது. முன்பே யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். எஸ்எஸ்டியின் நுனியைப் பிடித்திருந்த ஸ்க்ரூவின் தலையில், கூட்டல் குறியின் நான்கு ஓரங்களில் இரண்டு ஏற்கெனவே மழுங்கிப் பளபளத்தன. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் தலைக்கு அடியில் காய்ந்த நீலப் பசை ஒரு வளையமாகத் தெரிந்தது. தொழிற்சாலையில் மரையில் விடும் த்ரெட் லாக்கர். இரண்டு மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு இவ்வளவு பாதுகாப்பு எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை. அது பிடித்துக்கொண்டிருப்பது விமான இறக்கையை அல்ல, சில கிராம் எடையுள்ள ஒரு அட்டையை.

ஸ்க்ரூடிரைவரின் பிஎச்0 முனை உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. அதைவிடச் சிறிய பிஎச்00 இறங்கியது, ஆனால் திருப்பினால் வழுக்கியது. ரப்பர் பேண்டை நடுவில் வைத்து அழுத்தித் திருப்பும் வித்தையை எல்லா வீடியோவிலும் காட்டுகிறார்கள். பெரிய ஸ்க்ரூவுக்கு அது சரி. இந்த அளவில் ரப்பரே பள்ளம் முழுவதையும் அடைத்துக்கொண்டு முனையை உட்காரவே விடவில்லை. மெல்லிய மூக்குக் குறடால் தலையை ஓரத்தில் பிடித்துத் திருப்பலாம் என்றால், ஒரு பக்கம் கெபாசிட்டர்கள் நெருக்கமாக நிற்கின்றன, குறடு நுழைய இடமில்லை. அரத்தால் தலையில் நேர்க்கோடு வெட்டுவது, துளைபோட்டு எடுப்பது இரண்டையும் நான் யோசிக்கக்கூட இல்லை. மதர்போர்டு மேல் இரும்புத்தூள் விழுந்தால் அப்புறம் எஸ்எஸ்டிக்கு வேலையே இருக்காது.

கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தவை இரண்டு: சூடும், ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய ஸ்க்ரூடிரைவர் முனையும்.

த்ரெட் லாக்கர் சூட்டில் இளகும். அதனால் சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் வைத்தால் போதும். ஆனால் அந்த ஸ்க்ரூ இறங்கும் நட்டு போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது. அதிகம் சூடாக்கினால் நட்டும் சேர்ந்து கழன்று வந்துவிடும். இங்கே ஒரு கணக்கு கைகொடுத்தது. 2006 ஜூலையில் மின்னணுப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பாவின் ஆர்ஓஎச்எஸ் விதி நடைமுறைக்கு வந்தபின் லேப்டாப் போர்டுகள் ஈயம் இல்லாத சால்டருக்கு மாறிவிட்டன. அதில் பரவலாக இருக்கும் வகை 217 டிகிரியில்தான் உருகத் தொடங்கும். பழைய ஈய சால்டர் என்றால் 183 டிகிரியிலேயே கதை முடிந்திருக்கும். அயர்னை 200 டிகிரியில் நிறுத்தினேன். சுற்றிலும் சூடு தாங்கும் கேப்டன் (Kapton) டேப் ஒட்டினேன். எஸ்எஸ்டியின் நுனியில் ஸ்க்ரூ உட்காரும் அரைவட்டம் செம்புப் பட்டை, அது சூட்டை அப்படியே ட்ரைவுக்குள் கடத்தும். எனவே சில நொடிகள்தான் வைத்தேன். எடுத்தவுடன், சூடு ஆறுவதற்குள் திருப்ப வேண்டும். டேட்டா முழுவதையும் முன்பே புதிய ட்ரைவுக்கு நகலெடுத்துவிட்டேன், அதனால் கை நடுங்கவில்லை.

முனை விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வழக்கமான பிலிப்ஸ் முனையில் (பிஎச் என்பது இதுதான்) நான்கு இறக்கைகளும் சேரும் மூலையில் வளைவு பெரியது. ஜப்பானிய ஜேஐஎஸ் முனையில் வளைவு குறைவு, நுனியும் மொட்டையாக இருக்கும். அதனால் மழுங்கிய பள்ளத்திலும் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கிப் பிடிக்கிறது. பிலிப்ஸ் ஸ்க்ரூவில் ஜேஐஎஸ் முனை தாராளமாகப் பொருந்தும். ஜேஐஎஸ் ஸ்க்ரூவில் பிலிப்ஸ் முனையைப் போட்டால்தான் வம்பு, பள்ளத்தின் ஓரம் போய்விடும். ஒரு கையால் மேலிருந்து நன்றாக அழுத்தி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் கழற்றும் பக்கம். 'டிக்' என்று ஒரு சின்ன சத்தம். நீலப் பசை உடைந்த சத்தம் அது. அதற்குப் பிறகு விரலாலேயே சுழற்றி எடுத்தேன். நூறு பிட் இருக்கும் மலிவுப் பெட்டியை விட, நல்ல எஃகில் ஒரே ஒரு ஜேஐஎஸ் முனை போதும் என்று இனி யார் கேட்டாலும் சொல்வேன்.

பழைய ஸ்க்ரூவை மறுபடி போடவில்லை. புதிய எம்2 ஸ்க்ரூ, 3 மில்லிமீட்டர் நீளம். இதில் 'எம்2' என்பது ஸ்க்ரூவின் விட்டம், ஸ்லாட்டின் 'எம்.2'வோடு குழப்பிக்கொண்டு ஆர்டர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீளம் கூடிவிட்டால் நுனி கீழே போய் போர்டை முட்டும். கையில் ஒருமுறை இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முறுக்க வேண்டும். பசை எதுவும் விடவில்லை.

நீட்டிப்புத் தகடு இரண்டு விதமாகக் கிடைக்கிறது: உலோகத்தில் ஒன்று, சர்க்யூட் போர்டு அட்டையில் ஒன்று. எனக்கு வந்தது உலோகம். அதன் அடியில் சின்னச் சின்ன உதிரிகள் இருப்பதால் அங்கேயும் கேப்டன் டேப். அட்டைத் தகடு கிடைத்தால் அதையே வாங்குங்கள், ட்ரைவின் தடிமனோடு சமமாக உட்காரும், ஷார்ட் ஆகும் பயமும் இல்லை.

நகலெடுத்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லேப்டாப்பில் ஒரே ஸ்லாட் என்பதால் புதிய ட்ரைவை யூஎஸ்பி உறையில் போட்டு க்ளோன்ஜில்லா என்ற நகலெடுக்கும் நிரலில் எடுத்தேன். அதற்கு முன்பு விண்டோஸின் ட்ரைவ் பூட்டான பிட்லாக்கரை முழுவதும் நீக்கிவிட்டேன். பூட்டிய பார்ட்டிஷனை (ட்ரைவில் பிரித்த பகுதி) க்ளோன்ஜில்லா கோப்பு அமைப்பாக அடையாளம் காணாது, காலி இடத்தையும் சேர்த்து ஒவ்வொரு செக்டராக அள்ளும். நீக்கிவிட்டால் உபயோகத்தில் இருக்கும் பகுதி மட்டும் வரும். எதற்கும் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பார்ட்டிஷன் பாதித் தூக்கத்தில் இருக்கும். நகல் முடிந்ததும் இரண்டு ட்ரைவையும் ஒன்றாக மாட்டி விண்டோஸைத் திறக்கக் கூடாது. இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றே என்பதால் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும்.

உறையைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே ரியல்டெக் ஆர்டிஎல்9210பி சிப் இருப்பதாகப் பார்த்து வாங்கினேன், அது என்விஎம்இ, சாட்டா இரண்டையும் ஏற்கும். பழைய ட்ரைவ் எது கிடைத்தாலும் போட்டுப் பார்க்கலாம். ஆனால் நகலெடுக்கும்போது கையில் பிடிக்க முடியாத சூடு. இன்னொன்று: 2230 ட்ரைவ்கள் பெரும்பாலும் தனி டிராம் (ட்ரைவின் சொந்தத் தற்காலிக நினைவகம்) இல்லாதவை. லேப்டாப்புக்குள் இருக்கும்போது கணினியின் ராமில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளிக்கும். என்விஎம்இ 1.2இல் வந்த எச்எம்பி வசதி அது. யூஎஸ்பி வழியாக அந்தக் கடன் கிடைக்காது. உறையில் வைத்து வேகம் பார்த்துவிட்டு ட்ரைவைத் திட்டாதீர்கள், உள்ளே போட்டபின் பாருங்கள்.

விற்பனையாளர் விஷயத்தில் என் எரிச்சல் ஒன்றுதான். ஒரே மாடல் பெயரில் முதலில் டிஎல்சி வகை நினைவகம் வரும், சில மாதம் கழித்து அதைவிட மெதுவான க்யூஎல்சி வரும், பெட்டியில் ஒரு எழுத்துகூட மாறாது. முதலில் சில ஜிபி பறக்கும், எஸ்எல்சி கேஷ் என்ற வேகமான தற்காலிகப் பகுதி நிரம்பியதும் நொண்டும். அதனால் வந்தவுடன் உறையில் போட்டு எஃப்3 நிரலால் கடைசி பைட் வரை எழுதிப் படித்துப் பார்த்தேன். கொள்ளளவு பொய்யா என்பதும் தெரியும், கேஷ் எங்கே தீருகிறது என்பதும் தெரியும். என்னுடையது தேறியது.

பழைய 128 ஜிபி ட்ரைவ் இனி அந்த உறைக்குள். ஒரே ட்ரைவிலிருந்து பலவற்றை பூட் செய்யவிடும் வென்டாய் போட்டு, எல்லா லினக்ஸ் ஐஎஸ்ஓக்களையும் (நிறுவல் கோப்புகள்) அதில் கொட்டப் போகிறேன். அடுத்து வைஃபை கார்டு. அதுவும் 2230 அளவுதான், ஆனால் கீ, அதாவது கனெக்டரில் வெட்டு இருக்கும் இடம், வேறு. ஆன்டெனா கனெக்டர்கள் இன்னும் குட்டி என்பதால் ஒரு நல்ல இடுக்கி தேட வேண்டும்.

இப்போது முடியாத வேலைக்கு வருகிறேன். க்ளோன்ஜில்லா பழைய பார்ட்டிஷன் அட்டவணையை அப்படியே வைத்துவிட்டது. விகிதப்படி பெரிதாக்கும் விருப்பம் அதில் உண்டு. ஆனால் அது பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ, விண்டோஸை மீட்க உதவும் ரெக்கவரி பார்ட்டிஷன்களையும் சேர்த்து ஊதிவிடலாம் என்பதால் வேண்டாம் என்று விட்டேன். விளைவு: சி ட்ரைவ், அதை ஒட்டி ரெக்கவரி பார்ட்டிஷன், அதற்கு அப்பால் 812 ஜிபி காலி. விண்டோஸ் காட்டும் 931இல் பழைய 119 போக மீதி. நடுவில் ரெக்கவரி நிற்கும்வரை சி-யை ஒரு ஜிபிகூட நீட்ட முடியாது. முதலில் விண்டோஸின் ரீஏஜென்ட்சி (reagentc) கட்டளையால் ரெக்கவரியை முடக்க வேண்டும், அப்போது அதன் கோப்பு சி-க்குள் திரும்பிவிடும். பிறகு பார்ட்டிஷன்களை மாற்ற உதவும் ஜிபார்ட்டெட் லைவில் அந்தப் பார்ட்டிஷனை வட்டின் கடைசிக்கு நகர்த்தி, சி-யை விரித்து, மறுபடி விண்டோஸில் ரெக்கவரியை இயக்க வேண்டும். நகர்த்தும்போது கரண்ட் போகக் கூடாது, பேட்டரி முழுசாக இருக்க வேண்டும். இந்த லேப்டாப்பின் பேட்டரியோ பாதி செத்தது. அதையும் மாற்றிவிட்டுத்தான் இதைத் தொடுவேன். அதுவரை அந்தக் காலி இடத்தில் டி ட்ரைவ் எதுவும் போடப்போவதில்லை. போட்டால் அதையும் சேர்த்து நகர்த்த வேண்டியிருக்கும்.