பட்டம் முதலில், தாலி பிறகு

19 ஏப்ரல் 2024, வெள்ளி
மதுரைச் சித்திரைத் திருவிழா. காலையில் ஓட்டு, மாலையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். 2019-ல் தேரோட்டத்தன்றே தேர்தல் வந்ததால் மதுரைக்கு மட்டும் இரவு 8 மணிவரை வாக்குப்பதிவு நடந்தது. இந்த வருஷம் பட்டாபிஷேகத்தோடு வந்து நிற்கிறது. ஓட்டு எண்ணாமலே இன்றைக்குப் பதவியேற்றது அம்மன் மட்டும்தான். ராயர் கிரீடம், செங்கோல், கழுத்தில் பாண்டியர்களின் வேப்பம்பூ மாலை. இனி ஆவணி வரை அவள் ஆட்சி, அப்புறம்தான் சுந்தரேசுவரருக்கு.

20 ஏப்ரல், சனி
திக்குவிஜயம். எட்டுத் திக்குப் பாலகர்களையும் ஜெயித்துவிட்டுக் கடைசியில் மாப்பிள்ளை சுந்தரேசுவரரோடு போர். பெண் முதலில் ராணி, அப்புறம் போர்வீராங்கனை, அதற்குப் பிறகுதான் கல்யாணப் பெண். இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

21 ஏப்ரல், ஞாயிறு
திருக்கல்யாணம். 200, 500 என்று கட்டணச் சீட்டு உண்டு. "நம்ம வீட்டுக் கல்யாணத்துக்குச் சீட்டா?" என்று அத்தை வருஷாவருஷம் கேட்பார். அதனால் தெற்குக் கோபுரம் வழியாக இலவச வரிசைதான். வடக்கு, மேற்கு ஆடி வீதிகள் சந்திக்கும் இடத்தில் மேடை. எங்களுக்குத் தெரிந்தது பாதி பூவும் பாதி முதுகுகளும்.

திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் தெய்வானையோடு வந்திருந்தார். அப்பா அம்மா கல்யாணத்துக்கு மகன் பெண்டாட்டியோடு வருவது சாமி வீட்டில் மட்டும்தான் நடக்கும். அதே குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள்தான் தாரை வார்த்துக் கொடுத்தார். சுவாமிக்கும் அம்மனுக்கும் பதிலாகப் பட்டர்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள். கெட்டிமேளம் எழும்பியதும் சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் புதுத் தாலிக்கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார்கள். நான் மேடையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கயித்த மாத்திக்கடி, வேடிக்கைய அப்புறம் பாக்கலாம்" என்று அத்தை முழங்கையில் இடித்தார்.

மொய் எழுதிவிட்டுச் சேதுபதி பள்ளி விருந்துக்குப் போனோம். 1904-ல் பாரதியார் தமிழாசிரியராக இருந்த பள்ளி. முந்தின ராத்திரியே ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுத்திருந்தார்கள். நான் மொய் எழுதிய எத்தனையோ மண்டபச் சாப்பாட்டைவிட இது மேல்.

22 ஏப்ரல், திங்கள்
தேர் மாசி வீதிகளைச் சுற்றி வந்தது. ஒரு காலத்தில் மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர்கோயில் பெருமாளான அழகரின் திருவிழாவோடு சேர்த்தார் என்பார்கள். வீதிகளுக்கு மட்டும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குத் தாமதமாகிவிட்ட கோபத்தில் அழகர் ஆற்றோடு திரும்பிப் போகிறார் என்று ஊரே சொல்லும். புராணப்படி அவர் வருவது மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க. இதை அத்தையிடம் எடுத்துச் சொன்னால், "எதுக்கோ வர்றாருல்ல?" என்கிறார்.

இன்றிரவு தல்லாகுளத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிய மாலையைச் சாத்திக்கொண்டு, விடிந்தால் அழகர் வைகையில் இறங்குவார். இரண்டு மணிக்கு எழுப்பச் சொல்லிவிட்டு அத்தை இப்போதே படுத்துவிட்டார்.