டாஃப்-2 சாயமும் வைட்டமின் சி காட்டிய பொய்ப் பச்சையும்

உயிருள்ள கலங்களில் நைத்திரிக் ஒட்சைட்டு வாயுவைக் காண்பதற்கு நாங்கள் தருவித்த டாஃப்-2 டையசெற்றேற்று என்ற ஒளிரும் சாயத்தின் முதற்குப்பி, ஒரு பெயர்க் குழப்பத்தால் பாழாயிற்று. விலைச்சிட்டையில் சுருக்கப் பெயரும் எங்கள் கடிதத்தில் முழு இரசாயனப் பெயரும் இருந்ததால், இரண்டும் ஒரே பொருள் என்று எவ்வளவு விளக்கியும், பொதியை விடுவித்துத் தரவேண்டிய முகவரின் எழுதுவினைஞர் வேறு கடிதம் கேட்டார். கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு இரண்டாம் முறை கடிதத்தோடு போனபோது போயா (பூரணை) விடுமுறையும் வார இறுதியும் சேர்ந்துகொண்டன. ஐந்தாம் நாள் பெட்டியைத் திறந்தால் உலர்பனி ஒரு துண்டுகூட இல்லை. உறைந்திருக்க வேண்டிய கரைசல் குப்பிக்குள் தளும்பிக்கொண்டிருந்தது. தருவிப்போர் இரு பெயர்களையும் காஸ் இலக்கத்தையும் (இரசாயனப் பொருளின் பதிவு எண்) எல்லாத் தாள்களிலும் ஒரே மாதிரி எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குப்பி நல்லபடியாக வந்தது. சிறு பங்குகளாகப் பிரித்து, ஒளி படாமல் சுற்றி, மறை 20 பாகையில் வைத்தோம்.

அடுத்த அடி ஆய்வுகூடத்துக்குள்ளேயே விழுந்தது. கிருமிகளை விழுங்கும் பெருவிழுங்கிக் கலங்களுக்கு வைட்டமின் சி கொடுத்தால் நைத்திரிக் ஒட்சைட்டு கூடுகிறதா என்பதே எங்கள் கேள்வி. கொடுத்த கிண்ணங்கள் நுணுக்குக்காட்டியில் பச்சையாகச் சுடர்ந்தபோது விடை கிடைத்துவிட்டதென்றே நம்பினேன். ஆனால் அந்த வாயுவை ஆக்கும் நொதியத்தைத் தடுக்கும் எல்-நேமைச் சேர்த்த பின்னரும் பச்சை மங்கவில்லை. அந்த வாயு மாறி உண்டாகும் நைத்திரைற்றை அளக்கும் கிறீஸ் சோதனையிலும் அளவு கூடியிருக்கவில்லை.

இந்தச் சாயம் நைத்திரிக் ஒட்சைட்டோடு நேரே தாக்கமுறுவதில்லை. அந்த வாயு ஒட்சிசனோடு சேர்ந்து உண்டாகும் விளைபொருளோடு சேர்ந்தே 515 நனோமீற்றர் அளவில் ஒளிர்கிறது. வைட்டமின் சி ஒட்சியேற்றமடைந்து உண்டாகும் டீஹைட்ரோ அஸ்கோர்பிக் அமிலமும் இதே சாயத்தோடு சேர்ந்து ஏறத்தாழ அதே நிறத்தில் ஒளிரும் என்பதை நான் முன்னரே படித்திருக்க வேண்டும். மூன்று வார உழைப்பு அதில் போயிற்று. எல்-நேம் இட்ட கட்டுப்பாட்டுச் சோதனையைக் கடைசியில் அல்ல, முதல் நாளே செய்யுங்கள். சாயம் ஏற்றும்போது சீரத்தையும் விலக்குங்கள். அதிலுள்ள எசுத்தரேசு நொதியங்கள் கலத்துக்கு வெளியிலேயே சாயத்தின் அசெற்றேற்றை வெட்டிவிடும்; பிறகு சாயம் கலத்துக்குள் எளிதில் புகாது.

வைட்டமின் சியை விட்டுவிட்டு, கலங்களை இலிப்போபொலிசக்கரைட்டு என்ற பற்றீரியச் சுவர்ப் பொருளால் மட்டும் தூண்டி, நேற்று மறுபடி பார்த்தோம். தூண்டிய கிண்ணம் ஒளிர்ந்தது; எல்-நேம் இட்ட கிண்ணம் ஏறக்குறைய இருண்டே கிடந்தது. அந்த இருட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.